மல்லாட்டையும் மாளிகைமேடும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்)

"உனக்குச் சொந்த ஊர் எது?" என்று யாரேனும் கேட்டால், "கங்கைகொண்ட சோழபுரம்" என்பேன். கேட்டவர் முகம் உடனே மலரும். "ஆகா! இராசேந்திர சோழன் ஊரா? கொடுத்து வைத்தவள்!" என்பார். அந்த மலர்ச்சியைக் கண்டு பூரித்துப் போன நாட்கள் உண்டு. ஆனால் அடுத்த வினாவாக, "அப்பா என்ன செய்கிறார், அம்மா என்ன செய்கிறார்?" என்று கேட்டுவிட்டால் அந்தப் பூரிப்பு வடிந்துவிடும். அப்பா திருப்பூரில் சாயப்பட்டறைத் தொழிலாளி. அம்மா முந்திரிக்கொட்டை உடைப்பவள். இதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்காது.

எங்கள் ஊரின் பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. கங்கை வரை படை செலுத்தி வென்ற இராசேந்திரன் அமைத்த தலைநகர் அது. ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழப் பேரரசை ஆண்ட நகரம். 180 அடி உயர விமானம் வயல்வெளிகளுக்கு நடுவே எழுந்து நிற்பதைப் பேருந்தின் சன்னல் வழியாக நாள்தோறும் காண்கிறேன். 2004-ஆம் ஆண்டு யுனெஸ்கோ அக்கோயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. அரண்மனை இருந்த இடத்தில் இன்று மாளிகைமேடு என்னும் பெயரும், அகழ்ந்தெடுத்த செங்கற்சுவர்களும் இருக்கின்றன. ஆனால் அந்த மேட்டைச் சுற்றி இன்றும் மக்கள் வாழ்கிறார்கள் அல்லவா? அவர்கள் கதையை எழுதியவர் யார்? இந்த வினாவைத்தான் இக்கட்டுரையில் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன், அன்புத் தோழியரே, தோழர்களே!

எங்கள் ஊரை நாவலில் காண வேண்டுமென்று நான் முதலில் தேடியபோது கிடைத்தது அகிலன் எழுதிய 'வேங்கையின் மைந்தன்'. 1963-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நூல். இராசேந்திரன் காலத்துக் கதை. இரவு பகலாகப் படித்தேன். மன்னர் வந்தார், இளவரசியர் வந்தனர், வாளும் வேலும் வந்தன. சுவைத்தேன், மறுக்கவில்லை. ஆனால் படித்து முடித்ததும் ஓர் ஏக்கம் எஞ்சியது. அந்தக் காலத்திலும் யாரோ ஒருத்தி கோயில் கட்டக் கல் சுமந்திருப்பாளே, அவள் வீட்டில் என்ன பேசினாள்? அவளுடைய வழித்தோன்றலாகத்தான் என் அம்மாவை நான் எண்ணிக்கொண்டேன்.

அம்மாவைப் பற்றி எழுதுமுன், என் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான் மேல்நிலைக் கல்வி பயின்ற பள்ளியில் ஒரு நாள் உயிரியல் வகுப்பு. மண்ணுக்குள் காய்க்கும் செடிக்கு எடுத்துக்காட்டுக் கேட்டார்கள். நான் எழுந்து, "மல்லாட்டை" என்றேன். வகுப்பே கொல்லென்று சிரித்தது. பாடம் நடத்தியவரும் சிரித்தார். "நிலக்கடலை என்று சொல்லத் தெரியாதா? நாலு பேர் முன்னால் எப்படிப் பேசுவது என்று முதலில் கற்றுக்கொள்" என்றார். அன்று உட்கார்ந்தவள்தான், அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் எந்த வகுப்பிலும் நானாக எழுந்து விடை சொன்னதில்லை.

அந்தச் சிரிப்பை நான் சுமந்தது மட்டுமன்று, அதை அம்மாவின் தலையிலும் ஏற்றினேன். கல்லூரியில் சேர்க்கை நடந்த அன்று என்னோடு வருவதற்காக அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, இருந்ததில் நல்ல புடவையை உடுத்திக்கொண்டு வந்தாள். வாயிலில் நுழையுமுன் நான் அவளிடம் சொன்னேன்: "அம்மா, உள்ள வந்து நீ எதுவும் பேசாத. நான் பேசிக்கிறேன்." அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். முந்திரிப்பால் பட்டுக் கறுத்த விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். நான்கு மணி நேரம் ஒரு சொல்லும் பேசாமல் என் பின்னாலேயே நின்றாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் நாள் அது. அந்த நாளில் அம்மாவை ஊமையாக்கியவள் நான்.

இந்நிலையில் இருந்த என் கைக்கு ஒரு நாவல் வந்தது. தமிழ்த்துறைப் பேராசிரியர் ஒருவர், "எந்த ஊரம்மா நீ? இதைப் படித்துப் பார்" என்று தம் சொந்தப் பிரதியைக் கொடுத்தார். அட்டையில் 'அஞ்சலை' என்றிருந்தது. எழுதியவர் கண்மணி குணசேகரன். மாலைப் பேருந்தில் முதல் பக்கத்தைப் பிரித்தேன். சிறிது நேரம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சொற்கள் கடினமாக இருந்ததால் அன்று. சொற்கள் எல்லாம் தெரிந்தவையாக இருந்ததால்! கொல்லை, கொட்டாய், வூடு, ஆயா என்று எங்கள் வீட்டுக்குள் புழங்கும் பேச்சு அச்செழுத்தில் நின்றது. புத்தகத்தில் இப்படியும் எழுதலாமா? இதற்கு யாரும் சிரிக்கவில்லையா? இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய், மீன்சுருட்டிப் பக்கம் இறங்கித் திரும்பி நடந்தேன்.

பிறகுதான் அந்த எழுத்தாளரைப் பற்றித் தேடித் தெரிந்துகொண்டேன். அவர் நமக்குத் தொலைவானவர் அல்லர். கடலூர் மாவட்டம் விருத்தாசலத்திற்கு அருகே உள்ள மணக்கொல்லை என்னும் சிற்றூர்க்காரர். ஜெயங்கொண்டத்தில் பேருந்து ஏறினால் ஓரிரு மணி நேரத்தில் விருத்தாசலம் போய்விடலாம். அங்கும் செம்மண், அங்கும் முந்திரிக்காடு. பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்து நாவல் எழுதியவர் அல்லர் அவர். அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பணிமனையில் பேருந்துகளைப் பழுது பார்க்கும் தொழிலாளியாக இருந்தவர். பகலில் கிரீசும் டீசலும் படிந்த கையால் இரவில் பேனா பிடித்தவர். முதலில் கவிதை எழுதினார். பிறகு சிறுகதை. 'உயிர்த்தண்ணீர்', 'வெள்ளெருக்கு', 'ஆதண்டார் கோயில் குதிரை' என்று தொகுப்புகள் வந்தன. 1999-இல், இளவயதிலேயே, 'அஞ்சலை' நாவலைத் தந்தார். வேறோர் ஊருக்குக் குடிபெயர்ந்து, வேறொரு மொழியைக் கற்று எழுத்தாளராகவில்லை. இருந்த இடத்தில் இருந்தபடி, பேசிய பேச்சிலேயே எழுதினார்.

இந்த மண்ணில் அவர் தனி மரமும் அல்லர். விருத்தாசலம் பகுதியிலிருந்தே பள்ளி ஆசிரியரான இமையம் 1994-இல் 'கோவேறு கழுதைகள்' நாவலைத் தந்தார். பின்னாளில் 'செல்லாத பணம்' நாவலுக்காக அவருக்கு 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக்காட்டிலிருந்து தங்கர் பச்சான் 'ஒன்பது ரூபாய் நோட்டு' எழுதினார். தொண்டை நாட்டுக்கும் சோழ நாட்டுக்கும் இடைப்பட்ட இந்த நிலப்பகுதியைப் பழையோர் நடுநாடு என்றனர். இரு பெரு நாடுகளுக்கு இடையில் கிடந்ததாலோ என்னவோ, எழுத்தில் நெடுங்காலம் இதற்கு இடமே இல்லாதிருந்தது. எங்கள் ஊர் வரலாற்றில் சோழ நாட்டுத் தலைநகர். பேச்சிலோ நடுநாட்டுக்கு மிக நெருங்கிய உறவு.

'அஞ்சலை' ஒரு கூலிக்காரப் பெண்ணின் கதை. அவளுக்கு மாப்பிள்ளை என்று காட்டப்பட்டவன் ஒருவன். மணவறையில் தாலி கட்டியவன் வேறொருவன். அந்த ஒரு வஞ்சனையில் இருந்து அவள் வாழ்வு சரிகிறது. புருசன் வீட்டை விட்டுப் போகிறாள், இன்னொருவனை நம்புகிறாள், அங்கும் நிம்மதியில்லை, திரும்பி வருகிறாள். ஊர் அவளை ஓயாமல் ஏசுகிறது. நடவுக்கும் களைக்கும் போகும் இடமெல்லாம் அந்த ஏச்சு கூடவே போகிறது. ஆசிரியர் அவளைக் கற்புக்கரசி என்று தூக்கி வைக்கவும் இல்லை, கெட்டவள் என்று தள்ளி வைக்கவும் இல்லை. அவள் படும் பாட்டைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்போலச் சொல்லிக்கொண்டு போகிறார். முடிவை நான் சொல்லப் போவதில்லை, நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

அந்த நாவலை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இரவு உணவு முடிந்ததும் அவள் ஒரு மணையில் உட்கார்ந்து, விரல்களில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு கொட்டை உடைப்பாள். முந்திரி ஓட்டில் உள்ள பால் அமிலத் தன்மை உடையது, தோலைப் பொசுக்கிவிடும். அதை அனகார்டிக் அமிலம் என்று நான் பாடத்தில் படித்திருக்கிறேன். அம்மா அதைத் தன் கையில் படித்திருக்கிறாள். தட் தட் என்று சுத்தி விழும் ஓசைக்கு நடுவே நான் உரக்க வாசிப்பேன். முதல் நாள் பத்துப் பக்கம். இரண்டாம் நாள், "அந்தப் பொண்ணு கதய எடு" என்று அவளே கேட்டாள். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அத்தையும் தன் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஏ புள்ள, இத எழுதுனது பொம்பளையா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லம்மா, ஆம்பள. விருத்தாசலம் டெப்போவுல பஸ்ஸு ரிப்பேர் பாத்தவரு."

"பஸ்ஸு ரிப்பேர் பாக்குறவருக்கு இவ படுற பாடெல்லாம் எப்புடித் தெரிஞ்சுது?"

எனக்கு விடை தெரியவில்லை. சிறிது நேரம் கழித்து அத்தைதான் சொன்னாள்: "கூடப் பொறந்ததுவொ இருந்திருக்கும். காது குடுத்துக் கேட்டிருக்காரு."

இலக்கியத் திறனாய்வு நூல்கள் சிலவற்றை அதன் பின் நூலகத்தில் புரட்டிப் பார்த்தேன். அத்தை சொன்ன அந்த ஒரு வரியைவிடத் தெளிவாக எனக்கு எதுவும் படவில்லை.

தாலி கட்டும் இடத்தில் ஆள் மாறிப் போன பகுதியை வாசித்த இரவு, அம்மாவின் சுத்தி நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அம்மா அடுப்பங்கரைப் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். "நம்ம பெரியவளையும் ஒரு வார்த்த கேக்காமத்தான் குடுத்தோம்" என்றாள். என் அக்காவுக்குப் பதினெட்டு நிரம்பிய மாதமே திருமணம் நடந்தது. படத்தைக் காட்டினார்கள், தேதி வைத்தார்கள். யாரும் ஏமாற்றவில்லை, ஆனால் யாரும் அவளைக் கேட்கவும் இல்லை. அக்கா என்னைவிட நன்றாகப் படித்தவள். இதைப் பற்றி எங்கள் வீட்டில் அதுவரை ஒருவரும் வாய் திறந்ததில்லை. அன்று ஒரு நாவல் திறந்தது.

அதன் பிறகு அவருடைய மற்ற நூல்களையும் தேடிப் படித்தேன். 'நெடுஞ்சாலை' போக்குவரத்துக் கழகத்தில் தற்காலிகமாக வேலை பார்க்கும் மூன்று இளைஞர்களின் கதை. ஓட்டுநர் ஒருவன், நடத்துநர் ஒருவன், பணிமனைத் தொழிலாளி ஒருவன். வேலை என்றைக்கு நிரந்தரமாகும், எந்தச் சிறு தவறுக்காக வெளியே அனுப்பப்படுவோம் என்ற அச்சத்திலேயே அவர்கள் நாட்கள் ஓடுகின்றன. நாள்தோறும் பேருந்தில் வரும் நாம், சில்லறைக்காக நடத்துநரிடம் சண்டை போடுகிறோம். வண்டி தாமதமானால் ஓட்டுநரைத் திட்டுகிறோம். அந்த வண்டி விடிவதற்கு முன் யார் கையால் உயிர் பெற்றது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? படித்த பின் நான் எண்ணிப் பார்க்கிறேன்.

'கோரை' என்ற நாவலை ஒரு தாவரவியல் மாணவி என்ற முறையிலும் படித்தேன். கோரையின் பெயர் நமக்கு சைபரஸ் ரொட்டன்டஸ். மேலே வெட்ட வெட்ட, மண்ணுக்குள் இருக்கும் கிழங்குகள் தளிர்த்துக்கொண்டே இருக்கும் என்று தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். அதே கோரை கொல்லையில் மண்டிவிட்டால் ஓர் உழவன் தூக்கத்தை எப்படித் தின்னும் என்பது பாடநூலில் இல்லை, நாவலில் இருக்கிறது. 'வந்தாரங்குடி'யில் நெய்வேலிச் சுரங்கத்துக்காக நிலத்தையும் ஊரையும் விட்டவர்களின் துயரம் வருகிறது. ஜெயங்கொண்டம் பகுதியிலும் பழுப்பு நிலக்கரிக்கென்று நிலம் கையகப்படுத்திய வரலாறு உண்டாதலால், இந்த நூலுக்கு நம்மில் பலர் வீட்டில் விளக்கவுரையே தேவைப்படாது.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு வியப்பளித்தது அவர் தொகுத்த 'நடுநாட்டுச் சொல்லகராதி'. கரிசல் வட்டாரத்துக்குக் கி. ராஜநாராயணன் செய்ததையும், கொங்கு வட்டாரத்துக்குப் பெருமாள்முருகன் செய்ததையும் இந்த மண்ணுக்கு இவர் செய்தார். அறிஞர் குழு அமைத்து, நிதி ஒதுக்கிச் செய்ய வேண்டிய பணி அது. தம் சொந்த முயற்சியில், வேலை நேரம் போக மிஞ்சிய நேரத்தில் ஒரு பணிமனைத் தொழிலாளி செய்து முடித்தார்.

அந்த அகராதி தந்த துணிவில், என்னை அன்று தலைகுனிய வைத்த 'மல்லாட்டை'யை நானே ஆராய முற்பட்டேன். நிலக்கடலையின் தாயகம் தென் அமெரிக்கா. பிலிப்பைன்சின் தலைநகரான மணிலாவின் பெயரால் அதை இங்கே மணிலாக்கொட்டை என்றார்கள். அந்த மணிலாக்கொட்டைதான் உழவர் நாவில் உருண்டு உருண்டு மல்லாட்டை ஆயிற்று. கடல் கடந்து வந்த ஒரு பயிரின் பயணக் குறிப்பையே அந்தச் சொல் தன்னுள் வைத்திருக்கிறது! அன்று வகுப்பில் சிரித்தவர்களுக்கு இது தெரியாது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் தெரியாது என்பதுதான் வருத்தம். இன்னொன்றும் சொல்கிறேன். கடலைப் பூ கருவுற்ற பின் அதன் காம்பு நீண்டு மண்ணுக்குள் இறங்குவதைக் கைனோபோர் என்று நாம் மனப்பாடம் செய்கிறோம். அம்மா அதை "விழுது எறங்கிடுச்சு" என்பாள். இரண்டே சொற்கள், படமே வரைந்தாற்போல் இருக்கிறது.

வட்டார மொழியில் எழுதினால் மற்ற ஊரார்க்கு விளங்காதே என்று என் தோழி ஒருத்தி வாதிட்டாள். ஓரளவு உண்மைதான். அவள் ஊர் திருநெல்வேலிப் பக்கம். 'அஞ்சலை'யைப் படிக்கத் தொடங்கி, இருபது பக்கம் தட்டுத் தடுமாறினாள். அதன் பிறகு கதை அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டது. வேற்றூர் விருந்துக்குப் போனால் முதல் கவளம் புதிதாகத்தான் இருக்கும். அதற்காக எல்லா ஊரிலும் ஒரே குழம்பு வைக்கச் சொல்ல முடியுமா?

சென்ற பங்குனியில் எனக்கு ஒரு வரன் வந்தது. தூரத்து உறவினர் ஒருவர் கைப்பேசியில் மாப்பிள்ளையின் படத்தைக் கொண்டுவந்து காட்டினார். நல்ல இடம், சொந்த வீடு, வைகாசியிலேயே முடித்துவிடலாம் என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அக்காவின் திருமணத்தின்போதும் அவள் நின்ற இடம் அதுதான். அம்மா படத்தைக் கையில் வாங்கவில்லை.

"படம் கெடக்கட்டும் அண்ணே. அந்தப் புள்ளய நேருல வரச் சொல்லுங்க. எம்பொண்ணு அதுகிட்ட ரெண்டு வார்த்த பேசட்டும். அவ படிப்பு முடிய இன்னும் ஒரு வருசம் கெடக்கு. அதுவரைக்கும் பொறுக்குமான்னும் கேட்டுக்கிட்டு வாங்க" என்றாள்.

போனவர் திரும்பி வரவில்லை. செய்தி அறிந்து அப்பா ஒரு வாரம் அம்மாவோடு சரியாகப் பேசவில்லை. நாவல் கேட்டதனால்தான் அம்மா அப்படிப் பேசினாள் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அக்காவின் முகம் அவள் நினைவில் வந்திருக்கலாம். அடுத்த வரன் வரும்போது என்ன நடக்கும் என்றும் எனக்குத் தெரியாது. ஆனால் என்னைவிட உரக்க, என் பொருட்டு, தன் சொந்தப் பேச்சில் அம்மா பேசியதை நான் கேட்டேன். சேர்க்கை நாளன்று நான் பூட்டிய வாய் அது.

இப்போது நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். அம்மாவும் அத்தையும் ஆயாவும் பேசும் சொற்களை அதில் எழுதி வருகிறேன். இருநூறு சொற்களுக்கு மேல் சேர்ந்துவிட்டன. நான் நாவலாசிரியை ஆவேனா என்று தெரியாது. பணிமனையில் உழைத்துக்கொண்டே ஒருவர் ஆக முடிந்தது என்று மட்டும் தெரியும்.

தோழர்களே! 1836-ஆம் ஆண்டு கொள்ளிடத்தில் அணைக்கரை கட்டப்பட்டபோது எங்கள் கோயிலின் மதிற்கற்களைப் பெயர்த்து எடுத்துச் சென்றார்கள். எழுத்து வெட்டிய கற்கள் எத்தனை அதில் போயினவோ! கல்லுக்கே அந்தக் கதி என்றால், யாரும் எழுதி வைக்காத சொற்கள் என்ன ஆகும்? நம்மில் பெரும்பாலோர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். பட்டம் வாங்குவதற்காக நம் வீட்டுச் சொற்களை வாயிலுக்கு வெளியே விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. நீங்களும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். இன்றிரவே உங்கள் அம்மாவிடம் ஒரு சொல்லுக்குப் பொருள் கேளுங்கள்.

இந்த மலர் அச்சாகி வந்ததும் இக்கட்டுரையை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். சேர்க்கை நாளைப் பற்றி எழுதியிருக்கும் பகுதியையும் விடாமல் வாசிப்பேன்.